பாலையாவுக்குப் பக்கத்தில்

பிணம் கரைக்கு வர மறுத்தது. கிடங்குத் துறையின் மரத்தூண்கள் இரண்டுக்கு நடுவே சிக்கி, கடல் ஏற்றத் தண்ணீரில் முகம் கவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பாலையா கழுத்தளவு தண்ணீரில் நின்று, மண்டிக் கிடந்த பாயல் செடிகளை முழங்கையால் விலக்கி, அதன் அக்குளுக்கடியில் கயிற்றைக் கொடுத்தான். மேலே பாசி வழுக்கும் கல்படியில் குதிகாலை ஊன்றி, கயிற்றின் மறுமுனையைத் தோளில் சுற்றிக்கொண்டு நின்றான் அழகர். கிழக்கே எர்ணாகுளத்துப் பக்கம் வானம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது.

"இழுங்கண்ணே!"

அழகர் இழுத்தான். கயிறு தோளை அறுத்தது. பிணம் ஒருமுறை புரண்டு தூணிலிருந்து விடுபட்டு, படியில் வந்து மோதியது. இரண்டு நாள் முன்பு காற்றில் கவிழ்ந்த சரக்கு வள்ளத்தில் இருந்த ஆள். பாலையா கீழிருந்து தாங்க, அழகர் மேலிருந்து தூக்க, படிப்படியாக ஏற்றினார்கள். பஜாரில் கிடங்குகள் திறந்துகொண்டிருந்தன. சுக்கும் மிளகும் மணத்த காற்றில் இந்த நாற்றமும் கலந்தது. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் தலைத்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நின்று பார்த்தார்கள்.

பாயில் சுருட்டிக் கட்டி, கைவண்டியில் ஏற்றி, கல் பாவிய பஜார் தெருவில் மழையோடு தள்ளிக்கொண்டு போனார்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் பாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது பாலையா குழாயடியில் நின்று கையைத் தேய்க்கத் தொடங்கினான். சோப்பு கரைந்தது. மண்ணை அள்ளித் தேய்த்தான். அதற்குப் பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"போதும்டா, தோல் உரியுது" என்றான் அழகர்.

"மணம் போகலைண்ணே. இது இன்னிக்கு உள்ள மணமில்லே."

அது எண்பதாம் வருடத்து ஜூன் மாதம், இடவப்பாதி மழைக்காலம். மட்டாஞ்சேரியின் கடவு போலீஸ் ஸ்டேஷனில் காயலில் மிதப்பது, ரயில் பாதையில் கிடப்பது, பூட்டிய வீட்டில் அழுகிக் கிடப்பது என்று எது வந்தாலும் கூப்பிடப்படுகிற பெயர் பாலையாதான். அவனுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்து, கார்ப்பரேஷனில் மலம் அள்ளி, அந்த வேலையிலேயே இருமி இருமிச் செத்தவர். மகன் கையில் வாளி வரக் கூடாது என்று பத்தாவது வரை படிக்கவைத்தார். மகனுக்குக் காக்கி கிடைத்தது. காக்கிக்குள்ளும் வாளி காத்திருந்தது.

அதே ஸ்டேஷனில் கான்ஸ்டபிளான அழகரின் அப்பாவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்தான், உசிலம்பட்டிக்காரர், மிளகு மூட்டை சுமந்தவர். ஆனால் பிண வேலைக்கு அழகரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாலையாவைத் தனியாக விட மனமில்லாமல் அவனாகவே கூடப் போவான்.

போன ஓணத்துக்கு முந்தின வாரம், அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த சங்கரன்குட்டி போலீஸ் லைன் குடியிருப்பில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். தொடர்ந்து லீவு கேட்டுக் கிடைக்காதவன். மேலிடத்துக்கு 'குடும்பத் தகராறு' என்று அறிக்கை போயிற்று. அவன் மனைவி அதைக் கேட்டுப் போலீஸ் லைனே அதிரக் கத்தினாள்: "என்னோட தகராறு பண்ண அவருக்கு நேரம் எவிடெ இருந்நு? வீட்டுக்கு வந்தால் அல்லே?" சங்கரன்குட்டியையும் தூக்கியது பாலையாதான். ஸ்டேஷனில் பக்கத்துக் கட்டிலில் படுத்து, ஒரே தட்டில் கப்பைக் கிழங்கும் மீனும் தின்றவனைத் தூக்கினான். அதற்குப் பிறகு அவன் சரியாக உறங்கவே இல்லை.

அன்று மத்தியானம் பாலையா சப்-இன்ஸ்பெக்டர் வெங்கிடராமனின் அறைக்குப் போனான். கதவுக்கு வெளியே காவல் நின்ற அழகருக்கு எல்லாம் கேட்டது.

வெங்கிடராமன் பாலக்காட்டுக்காரர். மற்றவர்களிடம் மலையாளம், இவர்கள் இருவரிடமும் தமிழ்.

"லீவா? இந்த மழையிலயா? சுமட்டுக்காரன் ஸ்டிரைக்கு, துறைமுகத்துக்கு மந்திரி வரார். எங்கேர்ந்துடா லீவு தரது?"

"உறக்கம் வரலை சாரே. சோறு எறங்கலை. கொச்சு மகளைத் தூக்கப் பயமாயிருக்கு. என் கையில பிண மணம் இருக்கு, அவளுக்கு ஒட்டிக்குமோன்னு..."

"அதெல்லாம் மனசுலே தோணறது. ரெண்டு நாள் எண்ணெய் தேச்சுக் குளி."

"இந்த வேலையை மத்தவங்களுக்கும் முறை போட்டுத் தரலாமே சாரே."

"உங்கப்பா கார்ப்பரேஷன்லே என்ன வேலை பார்த்தார்? மத்தவா தொட மாட்டா, வாந்தி எடுப்பா. உனக்குப் பழக்கம்தானே."



"டாக்டரைப் பார்க்கவாவது ஒரு நாள் விடுங்க சாரே."

"எந்த டாக்டர்? பைத்திய டாக்டரா? போய்ப் பாரு. அவன் எழுதித் தருவான், மேலே 'தகுதியில்லை'ன்னு எழுதிடுவா. அப்புறம் பெண்டாட்டியோட சேர்ந்து தெருக் கூட்டலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். போ."

பாலையா சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தான். அழகரைப் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்தான்.

அதற்குப் பிறகு ஒரு விசித்திரமான அமைதி அவனுக்கு வந்தது. கை தேய்ப்பதை விட்டான். சிரிக்கக்கூடச் செய்தான். ஆசை ஆசையாக வாங்கிய டிரான்சிஸ்டரை, கேட்காமலே, கூட வேலை பார்க்கும் ஹம்சாவிடம் கொடுத்தான். "எனிக்கு எதுக்குடா இது?" என்று ஹம்சா திகைத்தபோது, "வெச்சோ, பாட்டு கேளு" என்றான். வியாழக்கிழமை காலை, மிளகுக் கிடங்குக்கு எதிரே பந்தோபஸ்துக்குப் போகக் கிளம்பிய அழகரை நிறுத்தி, "அண்ணே, என் சின்ன மக இருளாயியை இடையில பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்த விட்டுடாதீங்க. அவ அம்மா முனியாயி பள்ளிக்கூடத்துல கையெழுத்து போடப் பயப்படுவா. நீங்க போய்ப் போடணும்" என்றான்.

"நீ எங்கடா போற?"

"எங்கேயும் இல்லண்ணே. சும்மா சொன்னேன்."

அழகர் லத்தியோடு கிடங்கு வாசலில் போய் நின்றான். எதிரே கொடி நட்டு உட்கார்ந்திருந்தார்கள் சுமட்டுக்காரர்கள். போன வாரம் இதே இடத்தில் இந்தக் காக்கிகள் அவர்களை அடித்து விரட்டியிருந்தார்கள். மழை பெய்தபடி இருந்தது. அழகரின் மனத்தில் பாலையா சொன்ன வார்த்தைகளும் ஹம்சாவின் கையிலிருந்த டிரான்சிஸ்டரும் ஒன்றையொன்று தேடி வந்து சேர்ந்தன. சங்கரன்குட்டியும் கடைசி வாரத்தில் எல்லோரிடமும் சிரித்துப் பேசியது நினைவுக்கு வந்தது.

அப்போது கொடிக்குக் கீழே இருந்து பைலி எழுந்து வந்தான். சுமட்டுக்காரர்களின் ஆள். நெற்றியில் லத்தி பட்ட காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்தான்.

"சாரே, நிங்களோடு பேச்சு மிண்டறதில்லேன்னு இருந்தேன். ஆனா சொல்லாமல் இருக்க வய்யா. உங்க கூட்டுக்காரன் பாலய்யன் பழைய கயிற்றுக் கிடங்கு பக்கம் போயிட்டிருக்கான். தொப்பி இல்ல, பெல்ட் இல்ல. கூப்பிட்டேன், காது கேக்கலை. அந்த நடை சரியல்ல."

பந்தோபஸ்து இடத்தை விட்டு நகர்ந்தால் என்ன ஆகும் என்பது அழகருக்குத் தெரியும். லத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். பைலியும் பின்னால் ஓடி வந்தான்.

கயிற்றுக் கிடங்கு வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது. அதன் பின்புறத் துறையின் கடைசிப் பலகையில், காயலைப் பார்த்தபடி பாலையா உட்கார்ந்திருந்தான். மழையில் முழுக்க நனைந்திருந்தான். தூரத்தில் வைப்பினுக்குப் போகும் படகு புகை கக்கிக்கொண்டு போயிற்று. அழகர் ஓட்டத்தைக் குறைத்து, மெல்ல நடந்து, அவன் பக்கத்தில் போய்த் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தான். பைலி கொஞ்சம் தள்ளி நின்றான்.

அழகருக்குப் புத்தி சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் நேராகவே கேட்டான்.

"பாலையா, சாகணும்னு நெனைக்கிறியா?"

பாலையா திரும்பினான். அந்த வார்த்தையை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டதும் அவன் முகத்தில் ஏதோ ஒன்று உடைந்தது.

"ஆமாண்ணே."

"எப்பலேர்ந்து?"

"சங்கரன்குட்டியைத் தூக்கினதுலேர்ந்து. கண்ணை மூடினா அவன் வரான். இப்ப எல்லாரும் வராங்க. நான் போயிட்டா வீட்டுல மணம் போயிடும்னு தோணுது. முனியாயி நிம்மதியா இருப்பா. எனக்குச் சாக ஆசையொண்ணும் இல்லேண்ணே. இது நிக்கணும். அவ்வளவுதான். இது நிக்கணும்."

"ஏண்டா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா பைத்தியம்பீங்க."

"எனக்கும் உறக்கம் வரலைடா" என்றான் அழகர். அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "வீட்டுல ஒச்சம்மாளைக் காரணமில்லாம அடிக்கக் கை ஓங்கினேன் போன வாரம். இந்தா நிக்கிறானே பைலி, இவனை அடிச்சப்ப எனக்கு ஒண்ணுமே தோணலை. விறகு பொளக்கற மாதிரி இருந்தது. அப்படீன்னா எனக்கும் வியாதிதானே? உனக்கு இப்படி, எனக்கு அப்படி."

பாலையா அழத் தொடங்கினான். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, குழந்தைபோல் அழுதான். அழகர் அவன் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டான். "இதை இப்ப நான் நிறுத்த முடியாது. நிறுத்தத் தெரிஞ்ச ஆள்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் உன்னைத் தனியா விட மாட்டேன். எழுந்திரு."

பாலையா உடனே எழவில்லை. படகு அக்கரை சேர்ந்து, திரும்பியும் வந்தது. பைலி எங்கோ போய் மூன்று கிளாஸ் சாயா வாங்கிக்கொண்டு வந்து பலகையில் வைத்தான். பாலையா கிளாஸை எடுத்து, ஒரு வாய் குடித்து, பிறகு அழகரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

பாலையாவின் வீட்டுக்குப் போனபோது, முனியாயி கார்ப்பரேஷன் துப்புரவு வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அழகர் சொன்னதைக் கேட்டு அவள் அலறவில்லை. புருஷன் முன்னால் போய் உட்கார்ந்து, அவன் இரண்டு உள்ளங்கையையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"மணக்குதா?" என்று அவன் பயந்துபோய்க் கேட்டான்.

"ஒங்க கை மணக்குது. எனக்குத் தெரிஞ்ச மணம்தான்."

அன்று சாயங்காலமே எர்ணாகுளம் போனார்கள். அங்கே ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவில் ஜெயலக்ஷ்மி என்ற டாக்டர் இருந்தார். அவர் பாலையாவைத் தனியாக வைத்து நிதானமாகப் பேசினார். பிறகு முனியாயியையும் அழகரையும் உள்ளே கூப்பிட்டார்.

"இது கோழைத்தனமும் இல்ல, பைத்தியமும் இல்ல. தாங்கக்கூடியதுக்கு மேல ஏத்தினா முதுகெலும்பு முறியும், இல்லையா? மனசும் அதுபோலத்தான். மருந்து உண்டு, பேச்சு உண்டு, உறக்கம் வரும். ஆனா வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் பக்கத்துல ஆள் வேணும். ஒரு மாசமாவது டூட்டி கூடாது. அதுக்குப் பிறகும் பிண வேலை கூடாது. நேரா கேட்டீங்களே, அதுதான் இவரைக் காப்பாத்தினது."

"வேலை போயிடும்னு சொல்றாங்க டாக்டரே" என்றாள் முனியாயி.

"என் கையில மருந்துதான் இருக்கு" என்றார் டாக்டர். "வேலையைக் காப்பாத்த வேண்டியது நீங்கள்லாம்."

பாலையாவை அன்றிரவே நர்ஸுகளின் பார்வையில் இருக்கும் வார்டில் சேர்த்துவிட்டு, மறுநாள் காலை டாக்டரின் சான்றிதழோடு அழகர் வெங்கிடராமன் முன்னால் நின்றான். அவர் அதை மடித்தபடியே மேசையில் ஒதுக்கினார்.

"இதை மேலே அனுப்பினா அவன் தொலைஞ்சான். அனுப்பலேன்னா டூட்டிக்குச் சொல்லாமல் நின்னவன். எதுவானாலும் அவன் கதை முடிஞ்சுது. பந்தோபஸ்தை விட்டு ஓடினதுக்கு உனக்கும் சஸ்பென்ஷன் கேட்டு மேலே எழுதியாச்சு."

"நான் ஓடலேன்னா இன்னிக்கு இன்னொரு பிணம் தூக்கணும் சார். அதைத் தூக்க பாலையா இருந்திருக்க மாட்டான்."

"பேச்சு நன்னா வரது உனக்கு." வெங்கிடராமன் சட்டென்று குரலை இறக்கினார். கண்ணுக்குக் கீழே கருப்பு படிந்திருந்தது. "அழகர், மேலேர்ந்து என் கழுத்தைப் பிடிக்கறா, கேட்டியா? நானும்தான் மாத்திரை போட்டுண்டு படுக்கறேன். நான் யார்கிட்டே போய்ச் சொல்றது?"

"எங்ககூட வந்து சொல்லுங்க சார்."

அவர் முகம் இறுகிற்று. "வெளியே போ" என்றார்.

போலீஸ்காரர்களுக்கென்று ஒரு காக்கிச் சங்கம் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. கொடி பிடிக்க முடியாது, வேலையை நிறுத்த முடியாது. கூட்டம் கூடினாலே மெமோ வரும். ஆனால் போலீஸ் லைனில் குழாயடிக்குத் தடை போட யாராலும் முடியாது. அன்று மத்தியானம் முனியாயி அங்கே போனாள். அதுவரை அந்தக் குழாயில் அவள் மற்றவர்கள் பிடித்த பிறகுதான் தண்ணீர் பிடிப்பாள். சொல்லாமல் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. இன்று நேராக நடுவில் போய் நின்றாள்.

"என் புருஷன் சாகப் போனாரு" என்றாள். "வெக்கமா இருக்குன்னு நான் மறைச்சு வெக்கப்போறதில்ல. உங்க வீட்டு ஆளு உறங்குறாரா? சத்தியமா சொல்லுங்க."

குடங்கள் நிரம்பி வழிந்தன. ஹம்சாவின் மனைவி முதலில் வாய் திறந்தாள்; அவன் உறக்கத்தில் பல்லைக் கடித்துக் கத்துகிறானாம். ஹெட் கான்ஸ்டபிள் வர்கீஸின் மனைவி, குடிக்காமல் அவரால் படுக்க முடியவில்லை என்றாள். அழகரின் மனைவி ஒச்சம்மாள் முனியாயியின் குடத்தை வாங்கி, முதலில் அதை நிரப்பினாள். சங்கரன்குட்டியின் விதவை லைனைக் காலி செய்யச் சொல்லி வந்த உத்தரவுப்படி சாமான் கட்டிக்கொண்டிருந்தவள், கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தாள். "ஒருத்தனும் என்னோடு சோதிச்சில்ல. ஒருத்தனும்" என்றாள். யாரும் என்னிடம் கேட்கவில்லையே என்று அவள் சொன்னது அங்கிருந்த ஒவ்வொருத்திக்கும் தைத்தது.

அந்தப் பேச்சு அன்றே ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போயிற்று.

மறுநாள் காலை ஃபால்-இன் அணிவகுப்பு. மழை விட்டு, முற்றத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. கான்ஸ்டபிள்கள் வரிசையில் நின்றார்கள்; சஸ்பென்ஷன் உத்தரவு இன்னும் கைக்கு வராததால் அழகரும் நின்றான். வெங்கிடராமன் வந்தார். பாலையாவை வேலையிலிருந்து நீக்கப் பரிந்துரை செய்திருப்பதாகச் சொன்னார். "மனநிலை சரியில்லாத ஆளுக்குக் காக்கி இல்லை" என்று மலையாளத்திலும் சொன்னார்.

அழகர் ஓர் அடி முன்னால் வந்தான். "எனக்கும் உறக்கம் இல்லை சார். எனக்கும் மனநிலை சரியில்லை. என்னையும் எழுதுங்க."

"வரிசையிலே நில்லு!"

அழகர் தனியாக நின்றான். யாரும் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீரை மிதிக்கும் சத்தம் கேட்டது.

"எனிக்கும் இல்லா சாரே" என்றான் ஹம்சா. "என் பெயரும் எழுதணும்."

இன்னொருவன் வந்தான். பிறகு மூன்று பேர் ஒன்றாக. ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த வர்கீஸ் வானத்தைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்தார், பென்ஷனை நினைத்தாரோ என்னவோ, கண்ணை மூடித் திறந்துவிட்டு முன்னால் வந்தார். நாலைந்து பேர் வரவில்லை. தலை குனிந்து அங்கேயே நின்றார்கள். அவர்கள் பயமும் பொய்யில்லை.

"இது கலகம். தெரியறதா?" என்றார் வெங்கிடராமன்.

"கலகமில்லை சார்" என்றான் அழகர். "பிணத்தை எல்லாரும் முறை போட்டுத் தூக்குறோம். பாலையா அந்தச் சாதிக்காரன்னு அவன் தலையிலேயே கட்ட வேண்டாம். வாரத்துல ஒரு நாள் வீட்டுல படுக்க விடுங்க. டாக்டர்கிட்ட போறவனை வேலையை விட்டுத் துரத்தாதீங்க. கால் ஒடிஞ்சா ஆஸ்பத்திரிக்கு அனுப்பறீங்கல்ல? இதையும் அப்படி நெனைங்க. இதைத்தான் கேக்கறோம்."

"தராட்டா?"

"கேட்டுக்கிட்டே இருப்போம் சார்."

காம்பவுண்டுக்கு வெளியே பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். முனியாயியோடு துப்புரவு வேலை செய்கிறவர்கள் விளக்குமாற்றோடு வந்திருந்தார்கள். லைனிலிருந்து ஒச்சம்மாளும் சங்கரன்குட்டியின் விதவையும் மற்றவர்களும். அவர்களுக்குப் பின்னால், தெருவின் மறுபக்கத்தில், பைலியும் சில சுமட்டுக்காரர்களும் கைகட்டி நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை. வெங்கிடராமன் வெளியே பார்த்தார், உள்ளே பார்த்தார். திரும்பி அறைக்குள் போனார். டெலிபோனைச் சுழற்றும் சத்தம் கேட்டது.

யாரிடம் பேசுகிறார், என்ன சொல்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. கூண்டோடு சஸ்பென்ஷன் வரலாம். ரிசர்வ் போலீஸ் வரலாம். முன்னால் வந்தவர்கள் பின்னால் போகவில்லை.

மத்தியானம்வரை ஒரு முடிவும் வரவில்லை. அழகர் சட்டையை மாற்றிக்கொண்டு படகு பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனான். பாலையா வார்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மருந்தால் நாக்கு தடித்திருந்தது. பக்கத்தில் இருளாயி அவன் காலைப் பிடித்தபடி உறங்கிப்போயிருந்தாள்.

அழகர் நடந்ததைச் சொன்னான்.

"என் வேலை போயிடும்ணே. உங்க வேலையும்."

"போகலாம். போகாமலும் இருக்கலாம்."

"இன்னும் அப்படித்தான் தோணுதுண்ணே. முந்தாநாள் தோணின மாதிரியேதான்."

"தோணட்டும். தோணறப்பல்லாம் சொல்லு. நான் இங்கேதான் இருக்கேன்."

"நீங்க எத்தனை நேரம் இருப்பீங்க?"

"பொழுது சாயறவரைக்கும். அப்புறம் ஹம்சா வருவான்."

"அவன் போனா?"

"வர்கீஸ் சேட்டன்."

"அவருமா?" பாலையா முதல்முறையாகத் தலையைத் திருப்பினான். "அவரு போனா?"

"சுமட்டுக்காரன் பைலி வரேன்னு சொல்லியிருக்கான்."

"நாம அடிச்சவனாண்ணே?"

"நாம அடிச்சவன்தான்."

"அப்புறம்?"

அழகர் நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான்.

"நீ கேட்டுக்கிட்டே இரு பாலையா. ஆள் வந்துக்கிட்டே இருக்கும்."